குளம் வடியும் நாள்

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், கீழே விட்டுவந்த வெயிலுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓர் உலகம் விரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். மேட்டு நிலங்களில் சாமையும் தினையும் கேழ்வரகும். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகள். பள்ளங்களில் படிப்படியாக இறங்கும் நெல் வயல்கள். அறப்பளீசுவரர் கோயிலையொட்டி ஐயாறு ஓடுகிறது. அந்த ஆற்று மீன்களுக்குப் பக்தர்கள் பொரி போடுவார்கள், பிடிக்க மாட்டார்கள். யாரோ அறுத்துச் சமைக்க முயன்ற மீன்கள் மறுபடி ஒன்றாய்ப் பொருந்தி நீந்திப் போயின என்று கோயில் கதை சொல்கிறது.

அந்த மலையில் சந்தித்த பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “எங்கள் வயலுக்கு மேலே ஒரு மண் குட்டை இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கும். அதில் அந்த ஜப்பான் வண்ணக் கெண்டையை வளர்த்தால் என்ன? ஒரு மீனை ஆயிரக்கணக்கில் விற்கிறார்களாமே?”

வளர்ப்பது பெரிய காரியமில்லை. பிடிப்பதுதான் பெரிய காரியம் என்று அப்போது சொல்லி வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கோய் என்று நாம் அழைக்கும் மீன், நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் சாதாக் கெண்டையின் வண்ண வடிவமே. ஜப்பானியர் இதனை ‘நிஷிகிகோய்’ என்பார்கள். நிஷிகி என்றால் பல வண்ண நூலிழைத்த பட்டுத் துணி. கோய் என்றால் கெண்டை. ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் யமகோஷி, ஓஜியா என்னும் மலைப்பகுதிகள் உள்ளன. கொல்லிமலையைப் போலவே அங்கும் சரிவெல்லாம் படிக்கட்டு நெல்வயல்கள்தான். வயலுக்கு நீர் பாய்ச்ச மேல் தட்டில் மண் குட்டைகளை வெட்டினார்கள். பனிக்காலத்தில் மூன்று மீட்டருக்கும் மேல் பனி குவிந்து வெளியுலகத் தொடர்பே அறுந்துபோகும் ஊர்கள் அவை. அப்போது சாப்பிட மீன் வேண்டுமே என்று அந்தக் குட்டைகளில் கெண்டையை விட்டு வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தக் கறுத்த மீன்களின் நடுவே சில மீன்களில் சிவப்பும் வெள்ளையும் தோன்றின. உழவர்கள் அவற்றைச் சட்டிக்கு அனுப்பாமல் தனியே வைத்து இனம் பெருக்கினார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த மீனல்ல இது. வயற்காட்டில் பிறந்த மீன். 1914-இல் தோக்கியோவில் நடந்த ஒரு பொருட்காட்சிக்கு அவற்றைக் கொண்டுபோன பிறகுதான் ஜப்பான் முழுவதும் அதன் புகழ் பரவியது. 2017-இல் நீகாத்தா மாநிலம் இதைத் தன் மாநில மீனாகவே அறிவித்தது.

இன்றும் அங்கே இம்மீன்களைக் கோடையில் மண் குளத்தில்தான் வளர்க்கிறார்கள். கண்ணாடித் தொட்டியும் சிமென்டுத் தொட்டியும் இருக்க, சேற்றுக் குளம் எதற்கு?

முதல் காரணம் உணவு. சேற்றில் பூச்சிகளின் இளம்புழுக்களும் மண்புழு இனங்களும் உண்டு. நீரில் நுண்பாசிகளும், அவற்றைத் தின்னும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மிதவை உயிரிகளும் உண்டு. கெண்டை நாள் முழுவதும் வாயைச் சேற்றில் நுழைத்துச் சலித்துச் சலித்துத் தின்னும். கோயின் தோலிலுள்ள சிவப்பு, காரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்த நிறமியால் ஆனது. இந்த நிறமியை எந்த மீனும் தன் உடலில் தானாகத் தயாரிக்க முடியாது. பாசியிலிருந்தோ பாசியைத் தின்ற உயிரிலிருந்தோ பெற்றுக்கொள்ள வேண்டும். கறுப்பு அப்படியல்ல. நம் தலைமயிரில் உள்ள அதே மெலனின்தான், மீனே தயாரித்துக்கொள்ளும். ஆக, சிவப்பு குளம் கொடுத்த சொத்து, கறுப்பு மீனின் சொந்தச் சம்பாத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் இடம். பரந்த குளத்தில் மீன் வெளியிடும் அம்மோனியாக் கழிவு நீர்த்துப்போகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று மாற்றிவிடுகின்றன. சேற்றிலுள்ள களிமண்ணின் தாதுக்களும் மீனின் தோலுக்கு நல்லது என்று பண்ணைக்காரர்கள் உறுதியாக நம்புகிறார்கள்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கலங்கிய நீரில் மீன் கண்ணுக்குத் தெரியாது. வைகாசி வாக்கில் குளத்தில் விட்ட மீன் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, சிவப்புத் திட்டின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா கரைந்து போயிற்றா, கொக்கு கொத்திக்கொண்டு போயிற்றா, எதுவுமே தெரியாது. அக்டோபரில் குளத்தை வடிக்கும் நாளில்தான் எல்லாம் தெரியும். அந்த அறுவடைக்கு ‘இகேஅகே’ என்று பெயர். குளத்திலிருந்து ஏற்றுதல் என்று பொருள். ஆண்டு முழுவதற்குமான வருமானம் அந்தச் சில நாட்களில் கரையேறுகிறது, அல்லது சேற்றிலேயே செத்துப்போகிறது.

குழம்பிய குட்டையில்

நம் ஊர்க் கண்மாய்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கங்களில் இது பிரசித்தம். வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே தண்ணீரில் இறங்கிக் கலக்கும். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு பிடிப்பது எளிது. “குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது” என்று நாம் சொல்வதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

மீன் ஏன் மேலே வருகிறது? குளத்தின் அடியில் உள்ள கறுப்புச் சேற்றில் பிராணவாயு கிடையாது. அழுகிய இலையும் பாசியும் அங்கே அரைகுறையாகச் சிதைந்து கிடக்கின்றன. காலால் கலக்கும்போது அந்தப் பொருள்களும் நுண்ணுயிர்களும் மேல் நீரில் கலந்து, அதிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. போதாததற்கு மண் துகள் செவுள்களின் மென்மையான இழைகளில் படிந்து அடைத்துக்கொள்கிறது. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. குழம்பு வைக்கப்போகும் மீனுக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனால் கோய் அறுவடையில், ஒரு செதில்கூட உதிராமல் மீன் உயிரோடு வெளியே வர வேண்டும். ஆகவே அங்கே எல்லா வேலையும் நம் திருவிழாவுக்கு நேர் எதிராக நடக்கிறது.

வேலை குளத்தை வடிப்பதற்குப் பல நாள் முன்பே தொடங்கிவிடும். முதலில் தீனியை நிறுத்துவார்கள். கெண்டைக்கு இரைப்பை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியுமா? தொண்டைக்குள் உள்ள பற்களால் அரைத்த உணவு நேரே நீண்ட குடலுக்குள் போகிறது. சில நாள் பட்டினி போட்டால் குடல் காலியாகிவிடும். வயிறு நிறைந்த மீன் செரிமானத்துக்காக அதிகப் பிராணவாயுவைச் செலவிடும். பையில் அடைத்துக் கொண்டுபோகும்போது அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே கழிவையும் கலக்கும். பட்டினியிட்ட மீன் இரண்டையும் செய்யாது.

பிறகு மதகைத் திறந்து மெதுவாக நீரை இறக்குவார்கள். அவசரப்பட்டால் ஓரச் சேற்றின் குழிகளில் மீன் தங்கிவிடும். நீர் ஒரு பகுதியாகச் சுருங்கியதும், மார்பளவு ரப்பர் உடை அணிந்த ஆட்கள் இழுவலையுடன் வரிசையாக நடப்பார்கள். ஓட மாட்டார்கள், துள்ள மாட்டார்கள், சேற்றில் காலைத் தேய்க்காமல் எடுத்து வைத்து நடப்பார்கள். வலையில் கரடுமுரடான முடிச்சு இருக்கக் கூடாது. கெண்டையின் உடம்பைச் சுற்றியுள்ள வழவழப்பான கோழைப் படலம்தான் அதன் முதல் தற்காப்பு. அது வழிக்கப்பட்ட இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். இரண்டு வாரம் கழித்து மீன் சாகும்போது, அறுவடை நாளன்று பட்ட கீறல்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

வலையின் வளையத்துக்குள் மீன்கள் நெருங்கிய பிறகு, பெரிய மீனை யாரும் வலையோடு தூக்குவதில்லை. நீருக்குள் மீனின் எடையை நீரே தாங்குகிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஐந்து கிலோ மீனை வெளியே தூக்கியதும் அந்த முழு எடையும் அதன் முதுகெலும்பின் மேலும் உள்ளுறுப்புகளின் மேலும் சட்டென்று விழுகிறது. அதனால் மிதக்கும் ஒரு பெரிய கும்பாவுக்குள் மீனை நீரோடு சரியவிட்டு, நீரோடுதான் கரைக்கு எடுத்துப் போவார்கள். கரையில் பிராணவாயு ஊட்டிய தொட்டி வண்டி காத்திருக்கும். குளத்து நீருக்கும் தொட்டி நீருக்கும் வெப்பநிலை வித்தியாசம் இருந்தால் சிறிது சிறிதாகச் சமப்படுத்துவார்கள்.

அன்றைக்கு மீன் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் பண்ணைக்காரர் கலங்குவதில்லை. தோலில் கறுப்பு நிறமியைத் தாங்கிய செல்கள், சுற்றுப்புறத்துக்கு ஏற்ப அந்த நிறமியைப் பரப்பவும் சுருக்கவும் செய்யும். தெளிந்த நீரில் நாள்பட இருந்த பிறகே மீனைத் தரம் பார்த்துச் சொல்ல முடியும்.

ஒரு சின்னக் கணக்கு

இப்போது அந்த மாணவரின் குட்டைக்கு வருவோம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் மட்டத்தில், 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் அதிகபட்சம் 11.3 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் இது 9.1; 30 டிகிரியில் 7.5 மட்டுமே. நீர் சூடாகச் சூடாகப் பிராணவாயு குறைகிறது. உயரம் ஏறினாலும் குறைகிறது, ஏனென்றால் காற்றழுத்தம் குறைகிறது. 1,200 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறையும். கொல்லிமலையில் ஒரு வெயில் நாளில் குட்டை நீர் 25 டிகிரி இருந்தால், அதிகபட்சமே ஏழு மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும். யமகோஷியில் அக்டோபர் மாதக் குளம் 12 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால், அங்கே சுமார் பத்து.

வரவு இவ்வளவு, செலவு எவ்வளவு? மீன் குளிர் இரத்தப் பிராணி. வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் அதன் உடலின் பிராணவாயுத் தேவை ஏறத்தாழ இரட்டிக்கும். 12 டிகிரியில் இருக்கும் மீனைவிட 25 டிகிரியில் இருக்கும் மீனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். வரவில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று, செலவோ இரட்டித்துவிட்டது. இதன் நடுவில் சேற்றையும் கலக்கினால்? ஜப்பான்காரருக்கு ஒரு மணி நேர அவகாசம் இருந்தால், நம் மாணவருக்கு அதில் பாதிகூட இருக்காது.

அப்படியானால் எந்த நேரத்தில் பிடிக்கலாம்? யோசித்துச் சொல்லுங்கள். “விடியற்காலை, அப்போதுதான் குளிர்ச்சி” என்பீர்கள். நல்ல பதில், ஆனால் பாதிதான் சரி. பாசி நிறைந்த பச்சைக் குளத்தில் பகலெல்லாம் பாசி பிராணவாயுவை வெளிவிடும். இரவில் வெளிச்சம் இல்லை. பாசியும் மீனைப் போலவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். விடியும் நேரத்தில்தான் குளத்தில் பிராணவாயு மிகமிகக் குறைவு. உச்சிப் பொழுதிலோ நீர் சூடு. இரண்டுக்கும் நடுவே, வெயில் ஏறிச் சற்று நேரம் கழித்து, ஓடை நீரைக் குழாய் வழியாக வலை வளையத்துக்குள் விழும்படி விட்டுக்கொண்டே வேலையை முடிப்பது நல்லது. மேலிருந்து சலசலவென்று விழும் நீர் காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். மோட்டார் இல்லாத இடத்தில் அதைவிட மலிவான வழி கிடையாது.

மாதம் எது? என்னைக் கேட்டால் மார்கழி அல்லது தை. மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் நீர் இருக்கும், மலையில் குளிரும் இருக்கும். பங்குனி வரை காத்திருந்தால் குட்டை தானே வற்றும், உண்மைதான். ஆனால் வற்றும் குட்டையில் மீன் நெருங்கி, சூடேறி, நீங்கள் போவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடும்.

எல்லா முன்னேற்பாடும் செய்த பிறகும் அறுவடைக் காலம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு யமகோஷியே சாட்சி. 2004 அக்டோபர் 23 மாலை, சரியாக அறுவடைப் பருவத்தில், அந்த மலைகளை நிலநடுக்கம் உலுக்கியது. அளவு 6.8. மலைச்சரிவுகள் இடிந்து சாலைகளையெல்லாம் மூடின, குளக்கரைகள் பிளந்தன. கரையேற்றி வீட்டுத் தொட்டிகளில் விட்டிருந்த மீன்களுக்கு மின்சாரம் நின்றதால் காற்றூட்டமும் நின்றது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கொண்ட அந்தக் கிராமமே காலிசெய்யப்பட்டது. எஞ்சிய மீன்களில் ஒரு பகுதியை ஹெலிகாப்டரில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்த தாய் மீன்கள் அவற்றில் இருந்தன; அவை செத்தால் காசு கொடுத்துத் திரும்ப வாங்க முடியாது.

மதகுக்குக் கீழே என்ன?

இதுவரை மீனைக் காப்பாற்றுவது பற்றிச் சொன்னேன். இனி மீனிடமிருந்து ஆற்றைக் காப்பாற்றுவது. கொல்லிமலைக்கு இதுவே முக்கியம் என்பது என் கருத்து.

கெண்டை நமக்குப் புதிதல்ல. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கண்ணாடிக் கெண்டை கொண்டுவரப்பட்டது. 1957-இல் பாங்காக் வகை இந்தியாவுக்கு வந்தது. எதையும் தின்னும், எந்த நீரிலும் பிழைக்கும், விரைவாகப் பெருகும். மீன் வளர்ப்புக்கு இவை நல்ல குணங்கள். ஆற்றுக்கோ இதே குணங்கள்தான் ஆபத்து. சேற்றைக் கிளறித் தெளிந்த நீரைக் கலங்க வைக்கும். நீர்த் தாவரங்களை வேரோடு பிடுங்கும். மற்ற மீன்களின் முட்டையையும் தின்னும். 1950-களில் கெண்டை விடப்பட்ட காஷ்மீர் ஏரிகளில், அந்த மண்ணுக்கே உரிய மீன் வகைகள் குறைந்து போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலிலும் சாதாக் கெண்டைக்கு இடம் உண்டு.

நோயும் கூடவே வரலாம். கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ் என்னும் கிருமி 1990-களின் இறுதியில் வெளிப்பட்டது. 2003-இல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியில் வளர்க்கப்பட்ட சாதாக் கெண்டைகள் பெருமளவில் மடிந்தன. அறுவடை செய்த மீன்களை உடனே பழைய மீன்களோடு சேர்க்காமல் தனித் தொட்டியில் வைத்துக் கவனிப்பது இந்தக் கிருமியால் கற்ற பழக்கம்.

குளத்தை வடிக்கும் நாள்தான் தப்பி ஓடும் நாளும். பெரிய மீன் தப்பாது, பார்த்துவிடுவோம். ஆனால் கெண்டை குட்டையிலேயே முட்டையிடும். ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் ஒரு லட்சம் முட்டை வரைகூட இடும். அவை நீர்ச்செடிகளில் ஒட்டிக்கொண்டு, நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு அரைச் சென்டிமீட்டர் நீளம், நூலைப் போன்ற உடம்பு. கொசுவலைக் கண் வழியாகவே நழுவிவிடக்கூடும். கொல்லிமலையில் மதகைத் தாண்டிய நீர் ஓடைக்குப் போகும், ஓடை ஐயாற்றுக்குப் போகும். ஐயாறு ஆகாய கங்கையாக விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் சமவெளியில் இறங்கும். ஒரு முறை இறங்கிய மீனை எந்த இழுவலையாலும் திரும்பக் கூட்ட முடியாது.

ஆகவே அந்த மாணவருக்கு நான் எழுதிய பதில் இதுதான். குட்டையின் வடிநீரை ஓடையில் விடாதே. கீழ் வயலில் பாயவிடு. அந்த நீரில் மீன் கழிவின் தழைச்சத்து இருக்கிறது, நெல்லுக்கு அது உரம். வயலின் வரப்பு வாய்க்கு நெருக்கமான துணிச் சல்லடை கட்டு. வடித்த குட்டையை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிட்டுச் சுண்ணாம்பு தூவு. தங்கிய முட்டையும் குஞ்சும் ஒட்டுண்ணியும் அதில் ஒழியும். இத்தனையும் செய்ய முடியாதென்றால் சிமென்டுத் தொட்டியில் நான்கு மீன் வளர்த்துப் பார். சிவப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும், பரவாயில்லை.

நீங்கள் அடுத்த முறை அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போய் மீன்களுக்குப் பொரி போடும்போது, அவற்றின் முதுகுத் துடுப்பைக் கவனியுங்கள். மீசையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இரண்டு ஜோடி மீசை நம் மலையோடை மீன்கள் சிலவற்றுக்கும் உண்டு. அந்த மீன்களின் முதுகுத் துடுப்பு குட்டையானது, முதுகின் நடுவில் சிறு பாய்மரம் போல நிற்கும். கெண்டையின் துடுப்போ முதுகின் நடுவில் தொடங்கி வாலுக்குச் சற்று முன்பு வரை நீளும். அதில் பதினேழு முதல் இருபத்திரண்டு வரை கிளைத்த கதிர்கள் இருக்கும், முன்னால் ஒரு ரம்பப் பல் முள்ளும் இருக்கும். அப்படி நீண்ட துடுப்போடு ஒரு மீன், கறுப்போ சிவப்போ, ஐயாற்றில் உங்கள் கண்ணில் பட்டால், பட்ட இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.